சாட்சிக் கையெழுத்து

எங்க அண்ணன் புளியமரத்திலிருந்து விழுந்தது 2014 மாசி மாதம். போளூர்ப் பக்கம் தார்ரோட்டின் இரண்டு ஓரத்திலும் புளியமரங்கள் நிற்கும். மரம் சர்க்காருடையது. மகசூலை ஏலம் விடுவார்கள். ஏலத்தை எடுக்கிறவன் ஊர்த்தெருக்காரன். ஏறி உலுக்குகிறவன் காலனிக்காரன். கீழே குந்திப் பொறுக்குவது எங்கள் பெண்கள். எங்கள் ஆள் ஒருத்தர் ஒருதரம் ஏலத்தில் கைதூக்கிப் பார்த்தார். அந்த வருஷம் முழுக்க அவருக்கு ஊரில் ஒரு வேலையும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் கைதூக்கியதில்லை.

ஏறுகிறவனுக்கு அப்போது நாளைக்கு 450 ரூபாய். பொறுக்குகிற பெண்களுக்கு 120. கயிறு கிடையாது, ஒன்றும் கிடையாது. கிளையில் நின்றுகொண்டு காலால் அடுத்த கிளையை மிதித்து உலுக்குவதும் எட்டாததைத் தொரட்டியால் இழுப்பதும்தான் வேலை. அண்ணனுக்கு முப்பத்தைந்து வயது. பதினாலு வயசிலிருந்து ஏறுகிற ஆள். பட்டுப்போன கிளை என்று தெரியாமல் மிதித்துவிட்டார். முப்பதடி உயரம் இருக்கும். மல்லாக்க விழுந்தார்.

நான் அப்போது அங்கே இல்லை. பக்கத்திலிருந்து பார்த்த பெண்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். ‘காலு எங்க கீது, காலு எங்க கீது’ என்று கேட்டாராம். கால் இருந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை. குத்தகைக்காரனின் வேன் நின்றுகொண்டிருந்தது. அதில் பாதி புளி மூட்டை. மூட்டையை இறக்கிவிட்டுத்தான் ஆளை ஏற்ற முடியும் என்றானாம். ஒவ்வொரு மூட்டையாக, சிந்தாமல், இறக்கி ரோட்டோரம் அடுக்கினார்கள். பிறகு அண்ணனை இரண்டு பேர் கையைப் பிடித்து, இரண்டு பேர் காலைப் பிடித்து, தொட்டில் மாதிரித் தூக்கி உள்ளே போட்டார்கள். தண்டுவடம் அடிபட்ட ஆளை அப்படித் தூக்கக்கூடாது, முதுகு வளையாமல் பலகையில் கிடத்தித்தான் எடுக்கவேண்டும் என்பது எங்கள் காலனியில் ஒருத்தருக்கும் தெரியாது. தூக்கினவர்கள் அண்ணனின் சோட்டுக்காரர்கள். அதில் ஒருவர் இன்றைக்கும் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வரமாட்டார். திண்ணையிலேயே குந்திக்கொள்வார். விழுந்ததில் போனதா, தூக்கினதில் போனதா என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவரிடம் நான் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொள்வார், உள்ளே மட்டும் வரமாட்டார்.

குத்தகைக்காரனை ‘அவர்’ போட்டு எழுத என் கை வரவில்லை. அவன் என் அண்ணனைவிட ஏழெட்டு வயசு சின்னவன். அண்ணன் அவனைக் கடைசிவரை ‘ஐயா’ என்றுதான் கூப்பிட்டார். அவன் அண்ணனை ‘வாடா’ என்பான்.

பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. முதுகில் கம்பியும் திருகாணியும் வைத்தார்கள். அதற்கு எங்களுக்குச் செலவில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி என்ற ஒன்று இல்லையென்றால் என் அண்ணன் அந்த வாரமே செத்திருப்பார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் வீட்டில் இருந்தது. நாங்கள் புரிந்துகொள்ளாதது என்னவென்றால் அட்டையெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு முடிந்துபோகிறது. முப்பத்தெட்டாம் நாள் ‘கூட்டிட்டுப் போலாம்’ என்றார்கள். மூத்திர டியூபோடும் பையோடும் கொண்டுவந்து வீட்டில் போட்டோம். செலவு என்ற ஒன்று அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

சீட்டில் எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறேன். இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் போட வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சதை நசுங்கி ரத்தம் ஓடாமல் அழுகும், வலி தெரியாததால் ஆளுக்கே தெரியாது. டியூபை இரண்டு வாரத்துக்கொருதரம் மாற்ற வேண்டும். பையை அடிக்கடி காலி செய்ய வேண்டும். வெளிக்கு வராது, மருந்து வைத்து, கையுறை போட்டு எடுக்க வேண்டும். நிறையத் தண்ணீர், முட்டை, பால், கறி. இவ்வளவும் ஒரு நர்ஸ் இரண்டு நிமிஷத்தில் சொன்னது. அண்ணி தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். எம்.ஏ. படித்தவன் பக்கத்தில் நிற்கிறேனே என்று அந்த நர்ஸும் என்னைப் பார்த்தே சொன்னார். செய்யப்போவது அண்ணி.

இரண்டு மணிக்கொருதரம் என்றால் நாளைக்குப் பன்னிரண்டு தரம். வருஷத்துக்கு 4380 தரம். அண்ணியின் செல்போனில் ராத்திரிக்கு மட்டும் நாலு அலாரம். அண்ணன் எழுபது கிலோ ஆள். அண்ணி நாற்பத்தைந்து இருந்தால் அதிகம். முட்டியைக் கட்டிலில் ஊன்றி, விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, ‘எப்பா’ என்று ஒரு சத்தம் கொடுத்துப் புரட்டுவார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தைகூட முழிக்காது, அவ்வளவு பழகிவிட்டது. நான் வீட்டில் இருக்கும்போது புரட்டியிருக்கிறேன். ஆனால் எத்தனை நாள் வீட்டில் இருந்தேன்? திருவண்ணாமலையில் ஆர்ப்பாட்டம், விழுப்புரத்தில் கருத்தரங்கம், சென்னையில் கூட்டம். இயக்க வேலை.

மூன்றாம் மாதம் புண் வந்துவிட்டது. புட்டத்துக்குச் சற்று மேலே, முதுகெலும்பு முடிகிற இடத்தில். முதலில் நாலணா அகலத்துக்குக் கருப்பாக இருந்தது. அண்ணி மஞ்சள் வைத்தார். ஒரு வாரத்தில் கருப்பு கழன்று விழுந்தபோது உள்ளே என் கட்டைவிரல் போகிற அளவுக்குக் குழி. ஆடியில் நாலு நாள் ராத்திரி அண்ணிக்கு ஜுரம், அலாரம் அடித்ததே தெரியவில்லை. அந்த நாலு நாளின் விலை மூன்று வருஷம். எம்.ஏ. வகுப்பில், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேரனைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவன் நான். முதுகுப் புண்ணை இருவேளையும் யார் கழுவினார்கள் என்று அந்தப் பாடத்தில் இல்லை.

ஊர் செவிலியம்மாவைக் கட்டுப் போடக் கூப்பிட்டேன். வந்தார்கள். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றுகொண்டு அண்ணிக்கு எப்படிக் கட்டுவது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தண்ணி குடிக்கிறீங்களா என்று அண்ணி கேட்டதற்கு, இப்பத்தான் குடிச்சேன் என்றார்கள். இந்த ‘இப்பத்தான் குடிச்சேன்’ என்பதை நம் எல்லோருக்கும் தெரியும். அந்தம்மா கெட்டவர் இல்லை. பஞ்சும் துணிச்சுருளும் சர்க்கார் கணக்கில் இரண்டு மூன்று தரம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். புண் ஆறுகிறதா என்று ஒருதரம்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

பணம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். முதல் பணம் 1800 ரூபாய். ஊரில் ஒரு பெரிய சாவு. அதற்கு மேளம் அடிக்கப் போன எங்கள் ஆட்கள் வந்த கூலியை அப்படியே கொண்டுவந்து அண்ணன் தலைமாட்டில் வைத்தார்கள். சாவுக்கு மோளம் அடிக்காதீர்கள் என்று இரண்டு வருஷமாக அதே காலனியில் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு போய் மெடிக்கலில் பையும் டியூபும் வாங்கியதும் நான். என் பேச்சு தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. அதற்கப்புறம் அந்த நாலு பேரிடம் அதைப் பேசும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

கறிக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாடு அடிக்கிற வீட்டிலிருந்து எலும்பும் ஈரலும் காசு வாங்காமல் கொடுத்துவிட்டார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும் என்று டாக்டர் எழுதியது அப்படித்தான் நிறைவேறியது. மற்றதெல்லாம் காசு. டியூப் 90, பை 60, கையுறை, பஞ்சு, பிளாஸ்டர், மருந்துத் தண்ணி, மூத்திரத்தில் கிருமி வந்து குளிர்ஜுரம் கண்டால் ஊசி. காற்று மெத்தை 4500, அது எட்டு மாதத்தில் ஓட்டை. எப்படிச் சுருக்கினாலும் மாதம் நாலாயிரத்துக்குக் குறையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதம் ஏழு, எட்டு. ஏனென்றால் படுத்த ஆளை பஸ்ஸில் ஏற்ற முடியாது, வாடகைக் கார்தான். அதற்கும் மூத்திர வாடை வரும் என்று கூடக் கேட்பார்கள். அண்ணனின் கூலி நின்றுபோயிற்று. அண்ணியின் கூலியும் நின்றுபோயிற்று என்பது யாருடைய கணக்கிலும் வரவில்லை. அந்த வருஷம் நூறுநாள் வேலைக்கு 167 ரூபாய் கூலி. இரண்டு மணிக்கொருதரம் வீட்டுக்கு ஓடிவருகிற பொம்பளையை எந்த வேலையில் சேர்ப்பார்கள்? அண்ணனின் மூத்த பெண் பத்தாவதோடு நின்று திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். அவளைப் பற்றி இங்கே எழுதவேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

குத்தகைக்காரன் நாற்பதாயிரம் கொடுத்தான். சும்மா கொடுக்கவில்லை. ஆறாம் மாதம், கோவில் மரத்தடியில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, ‘இத்துடன் எங்களுக்குள் எந்தப் பாத்தியமும் இல்லை’ என்று வெள்ளைத்தாளில் எழுதி, அண்ணி பெருவிரல் வைத்துத்தான். எங்களுக்கு அன்றைக்கு நாற்பதாயிரம் பெரிய பணம். கட்டிலுக்குக் கீழே பை நிரம்பிக்கொண்டிருக்கும்போது சட்டம் படிக்கிற பொறுமை யாருக்கு வரும்?

2017இல்தான் ஒரு வழக்கறிஞர் தோழர் உட்கார்த்தி வைத்துச் சொன்னார். 1923ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தது, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். வேலையில் அடிபட்டு முழுக்க முடங்கிப்போனால் மாதக் கூலியில் நூற்றுக்கு அறுபதை எடுத்து, வயசுக்கென்று அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்க வேண்டும். அண்ணன் விழுந்த காலத்தில் எவ்வளவு கூலி வாங்கினாலும் மாதம் 8000 என்றுதான் கணக்கெடுப்பார்கள். அறுபது சதம் 4800. முப்பத்தைந்து வயசுக்கு எண் 197.06. பெருக்கிப் பாருங்கள், 9,45,888 ரூபாய். மருத்துவச் செலவு தனி. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வட்டி தனி. உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்குகிற தாளுக்கு அந்தச் சட்டத்தின் முன்னால் மதிப்பில்லை. அதாவது அந்த மரத்தடித் தாள் செல்லாது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குக் காது அடைத்துக்கொண்டது. பாபாசாகேப் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் என்று மேடைக்கு மேடை பேசியிருக்கிறேன். என் வீட்டுத் தொழிலாளிக்கு என்ன பாத்தியம் என்று பார்க்கத் தோன்றவில்லை.

இரண்டு வருஷத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். காலதாமதத்துக்குக் காரணம் சொல்லி மனு போட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு சொன்னார். ஒன்று, அட்டவணையில் பனை சீவுகிறவன் இருக்கிறான், மரம் வெட்டுகிறவன் இருக்கிறான், புளி உலுக்குகிறவன் இல்லை. இரண்டு, இவன் கூலியாளே இல்லை, பங்குக்கு ஏறினவன். முதலாவதுக்கு எங்கள் வக்கீலிடம் பதில் இருந்தது. இரண்டாவதுக்குச் சாட்சி வேண்டும். கூலிப் பதிவேடா இருக்கிறது? கீழே பொறுக்கிக்கொண்டிருந்த ஒன்பது பெண்களில் ஒருத்தரும் வரவில்லை. எனக்கு அப்போது ஆத்திரமாக இருந்தது. அதில் ஒருத்தர் என் சொந்தச் சித்தி. ‘நீ மேடையில பேசிட்டு பஸ் ஏறிப் போயிடுவ. எனக்கு அடுத்த மாசிக்கும் இந்த மரத்தடிதான்டா’ என்றார். 2019இல் மனு தள்ளுபடியாகிவிட்டது. சித்திமேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. சித்தி சொன்னதற்கு எதிராக எதை எழுதுவது என்று யோசித்திருக்கிறேன், வரவில்லை.

இனி எழுதவேண்டியதை எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலம் உண்டு. பாட்டன் காலத்து நிலம். பழைய ‘அ’ பதிவேட்டில் டி.சி. என்று எழுத்துப் போட்டிருக்கும். பஞ்சமி நிலம் என்றால் இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கைமேல் 1892இல் வெள்ளைக்கார சர்க்கார் ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கியது. முதல் பத்து வருஷம் யாருக்கும் கொடுக்கக்கூடாது, அதற்கு மேலும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத்தான் கொடுக்கலாம். மற்றவன் வாங்கினால் செல்லாது. மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதில் மிச்சம் நம் கையில் எவ்வளவு என்பதும் தெரிந்த கதைதான். 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில், காரணை நிலத்துக்காகக் கூடினவர்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்து ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். நான் அப்போது குழந்தை. ஆனால் இயக்கத்துக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் அந்த இரண்டு பெயரைச் சொல்லித்தான் பேச ஆரம்பிப்பேன்.

2015 தை மாதம் அந்த நிலத்தை 1,20,000 ரூபாய்க்குப் போக்கியத்துக்குக் கொடுத்தோம். வாங்கியவன் குத்தகைக்காரனின் பெரியப்பா மகன்.

புண் ஆழமாகி எலும்பு வரைக்கும் போய்விட்டது. தனியார் ஆஸ்பத்திரியில் சதை எடுத்து மூட வேண்டும், எண்பதாயிரம் ஆகும் என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். ஏற்கனவே மீட்டர் வட்டிக்கு வாங்கினது முப்பது ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் கம்மல், அண்ணியின் தாலிக்குண்டு எல்லாம் போயாகிவிட்டது. காலனியில் லட்ச ரூபாய் வைத்திருக்கிறவன் யார்? சட்டம் நம்மவனுக்குத்தான் கொடுக்கலாம் என்கிறது, நம்மவனிடம் பணம் இல்லை. பணம் இருக்கிறவனுக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை, ஆகவே ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போகாமல் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதுகிறான். பஞ்சமி நிலம் எப்படிக் கைமாறியது என்று ஆய்வு மாணவர்கள் என்னிடம் கேட்டு வருவதுண்டு. ஏமாற்றி வாங்கினான், சாராயம் கொடுத்து வாங்கினான், மிரட்டி வாங்கினான் என்று சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் நடந்ததுதான். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொன்னதில்லை. எங்களை யாரும் மிரட்டவில்லை. அவன் நல்ல வார்த்தைதான் பேசினான். ‘ஆஸ்பத்திரிக்குத்தானே, எடுத்துக்கினு போங்க, நெலம் எங்க ஓடிடப்போவுது’ என்றான்.

அண்ணன் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கை நன்றாகவே இருந்தது. சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்றான். ஒருவன் அவன் ஆள். இன்னொன்று, ‘படிச்சவரு நீங்களே போடுங்க’ என்று பேனாவை என் பக்கம் நீட்டினான். எம்.ஏ. என்று சேர்த்துப் போடச் சொன்னான். போட்டேன்.

ஆபரேஷன் செய்து மூடிய புண் நாலு மாதத்தில் மறுபடி திறந்துகொண்டது.

2016 கடைசியில், ஒரு தோழர் சொல்லி வேலூர் பாகாயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது, மேரி வர்கீஸ் பெயரில். அந்தம்மா டாக்டர். 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் போய் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தொழுநோயாளிகளின் கைக்கு ஆபரேஷன் செய்தவர். 1966இல் அந்த நிலையம் வந்தது. அண்ணனுக்கு இதை நான் சொன்னபோது, ‘அவங்க டாக்டரு, நான் இன்னா, புளி உலுக்கறவன்’ என்றார். ஆனால் அங்கே கட்டில் கட்டிலாகக் கிடந்ததெல்லாம் தென்னைமரம் ஏறி விழுந்தவன், கிணத்தில் விழுந்தவன், சாரம் சரிந்து விழுந்த கொத்தனார். அண்ணன் இரண்டு நாளில் அவர்களோடு சேர்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று வருஷம் கழித்து அவர் சிரித்ததை அங்கேதான் பார்த்தேன்.

ஏழு வாரம் இருந்தோம். புண்ணுள்ளவனை மல்லாக்கப் போடவே கூடாது என்று குப்புறப் படுக்கப் பழக்கினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் கால்மணிக்கொருதரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவரே நகர வேண்டும். எல்லாவற்றையும்விட, டியூபை உள்ளேயே மாட்டி வைக்க வேண்டியதில்லை என்றார்கள். சாதாரண டியூப் ஒன்றை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, நாலு மணி ஆறு மணிக்கொருதரம் அவரே விட்டு மூத்திரத்தை எடுத்துவிட்டு, கழுவிக் காயவைத்து, மறுபடி அதையே வைத்துக்கொள்ளலாம். அண்ணி அந்த நர்ஸையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: ‘இத்த மொதல்லியே ஏன் தம்பி யாரும் சொல்லல?’

நான் பதில் சொல்லவில்லை. குளிர்ஜுரம் பாதி குறைந்தது. பைச்செலவு நின்றது. ஒன்பது மாதத்தில் புண் மூடிக்கொண்டது. எண்பதாயிரம் ரூபாய் ஆபரேஷனால் மூடாதது குப்புறப் படுத்ததில் மூடியது. நிலம் போய் அதற்குள் இரண்டு வருஷம்.

இப்போது பரவாயில்லை என்று சொல்லலாம். அடையாள அட்டை இருக்கிறது, சர்க்கார் கொடுத்த நாற்காலி இருக்கிறது, பராமரிப்புத் தொகை 2023இல் மாதம் 2000 ஆனது. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு கால் மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கே ஆள் வருகிறது. எங்கள் காலனிக்கு வருகிற சுகாதாரத் தன்னார்வலர் எங்கள் தெருப் பெண்ணே. வீட்டுக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுத்தான் போவாள். அண்ணன் தெருக்கோடியில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். நாளைக்கு நூறு வந்தால் உண்டு. அண்ணிக்கு இடுப்பு போய்விட்டது. டாக்டர் கனம் தூக்கக்கூடாது என்றாராம். அதைச் சொல்லிவிட்டு அண்ணி ரொம்ப நேரம் சிரித்தார்.

நிலத்தில் சவுக்கு போட்டிருக்கிறான். ஒரு தரம் வெட்டி விற்று, மறுபடி நட்டுவிட்டான். போக்கியப் பணத்தைத் திருப்பினால் விட்டுவிடுவேன் என்றவன், இப்போது வட்டியும் சேர்த்து மூன்று லட்சம் என்கிறான். போக்கியத்துக்கு வட்டி ஏது, விளைச்சலைத்தானே எடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டதற்கு, ‘பேப்பர்ல தம்பிதானே சாட்சி, அவரையே படிக்கச் சொல்லு’ என்றானாம் அண்ணனிடம். போன அக்டோபர் கூட்டத்தில் மாவட்டத்தில் பறிபோன பஞ்சமி நிலங்களின் பட்டியலைத் தயாரித்து வாசித்தேன். ஊர் வாரியாக, சர்வே எண்ணோடு. எங்கள் ஊரும் அதில் இருந்தது. எங்கள் சர்வே எண் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டார், ‘நம்புளுத சேத்தியா?’ என்று.

சட்டப்படி அந்தப் பத்திரம் செல்லாது, நிபந்தனையை மீறினது என்று ஆர்.டி.ஓ.வுக்கு மனு போட முடியும். மனுவில் பத்திரத்தின் நகலை வைக்க வேண்டும். நகலில் என் பெயரும் பட்டமும் இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்று என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். பத்து வருஷம் இதற்குப் பயந்தேன் என்பதுதான் உண்மை. மனுவை இந்த மாதம் எழுதி முடித்துவிட்டேன். பட்டியலிலும் எண்ணைச் சேர்த்துவிட்டேன்.

இந்தக் கட்டுரையை அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். ‘அந்த டியூப் தொண்ணூறு இல்ல, நூத்திப் பத்து. தொண்ணூறுன்னு குடுத்தது மொத மாசம் மட்டுந்தான்’ என்றார்.